ரத்த வங்கியும் ஒரு சேமிப்புதான்

குழுப் பாடம்: உடல் நலம்



மழை என்றதும் பள்ளிக்கரணைப் பக்கத்துப் பெண்களுக்கு 2015 டிசம்பர் ஞாபகம் வராமல் இருக்காது. டிசம்பர் 1 அன்று தொடங்கிய மழை, ஒரே நாளில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. கொட்டித் தீர்த்தது. ஏரிகள் நிரம்பின, சதுப்பு நிலம் நிரம்பியது, பிறகு நம் வீடுகள் நிரம்பின. கரண்ட் இல்லை. செல்போன் டவர் பல இடங்களில் வேலை செய்யவில்லை. விமான நிலையமே சில நாட்கள் மூடிக் கிடந்தது.

அந்த வாரத்தில்தான் எங்கள் குழு உறுப்பினர் ஒருவரின் மகளுக்குத் தலைப்பிரசவம். குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது. ஆனால் தாய்க்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. அவளுடைய ரத்த வகை பி நெகட்டிவ். அந்த மருத்துவமனை ரத்த வங்கியில் பி பாசிட்டிவ் இருந்தது, பி நெகட்டிவ் இல்லை.

சேதி கேட்டு நம் தெருவில் இருந்து நாலு ஆண்கள் இடுப்பளவு தண்ணீரில் நடந்தே போய்ச் சேர்ந்தார்கள். ஒருவர் எடை 43 கிலோ, "முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். ஒருவர் முதல் நாள் ராத்திரி குடித்திருந்தார். ஒருவருக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலை. நாலாவது ஆள் கொடுத்தார். பரிசோதித்தால் அவர் பி பாசிட்டிவ்! அந்தப் பெண்ணுக்கு ஆகாது.

"ஐயோ, இவ்வளவு தூரம் வந்தும் பிரயோசனம் இல்லாமப் போச்சே" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

உள்ளே என்ன நடந்தது என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ரத்த வங்கியில் ராத்திரி டியூட்டியில் இருந்த டெக்னீஷியன், லேண்ட்லைன் போனில் ஒவ்வொரு ரத்த வங்கியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். "உங்ககிட்ட பி நெகட்டிவ் இருக்கா? ஓ நெகட்டிவ் இருக்கா?" ஐந்தாவதோ ஆறாவதோ போனில் "ரெண்டு பை இருக்கு" என்று பதில் வந்தது. ஆம்புலன்ஸ் சுற்று வழியில் போய் அதை வாங்கிக்கொண்டு வந்தது. பெண் பிழைத்தாள். இன்றைக்கு அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகிறது.

சகோதரிகளே, அவளைக் காப்பாற்றியது யார்? அன்றைக்கு ஓடி வந்தவர்கள் அல்ல. மழைக்கு முன்னாலேயே ஏதோ ஒரு ஊரில், யாருக்கு என்று தெரியாமல் ரத்தம் கொடுத்துவிட்டுப் போன இரண்டு பேர். அதைச் சோதித்துப் பத்திரமாக வைத்தவர்கள். "எங்ககிட்ட இல்லை, உங்ககிட்ட இருக்கா?" என்று ஒருவரை ஒருவர் கேட்கத் தெரிந்த ஊழியர்கள். இந்த மாதப் பாடம் இதைப் பற்றித்தான்.

சந்தா கட்டியவருக்குத்தானே அவசரக் கடன்?

நம் குழுவில் ஒருவர் வீட்டில் திடீரென்று ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் என்ன செய்கிறோம்? பெட்டியில் இருக்கும் சேமிப்பில் இருந்து உள்கடன் கொடுக்கிறோம். அந்த நிமிஷத்தில் போய்ச் சேமிக்கத் தொடங்க முடியுமா? ரத்தமும் அப்படித்தான். அதனால்தான் அந்த இடத்துக்கு ரத்த வங்கி என்று பெயர் வைத்தார்கள். 2020 முதல் சட்டப்படி அதற்கு 'ரத்த மையம்' என்று பெயர். மக்கள் வாயில் இன்னும் வங்கிதான்.

ஆனால் பணச் சேமிப்புக்கும் ரத்தச் சேமிப்புக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பணம் பெட்டியில் கெடாது. ரத்தம் கெட்டுப்போகும்.

ஒருவர் கொடுக்கும் ரத்தத்தை இப்போது அப்படியே ஏற்றுவது குறைவு. சுழற்றிப் பிரித்து மூன்று பங்காக்குகிறார்கள்.

சிவப்பணு: உதிரப்போக்கு, கடுமையான ரத்தசோகை, ஆபரேஷன் இவற்றுக்கு. 2 முதல் 6 டிகிரி குளிரில் 35 நாள், சில பைகளில் 42 நாள் வரை இருக்கும்.

தட்டணு: ரத்தம் உறைவதற்கு உதவுவது. புற்றுநோய் சிகிச்சை எடுப்பவர்களுக்கு அடிக்கடி தேவைப்படும். இதன் ஆயுள் 5 நாள்தான். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. சாதாரண அறைக் குளிர்ச்சியில், ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில் வைக்க வேண்டும்.

பிளாஸ்மா: ரத்தத்தின் நீர்ப்பகுதி. உறைய வைத்தால் ஒரு வருஷம் இருக்கும்.

ஆக, ஒருவர் கொடுத்த ரத்தம் மூன்று பேருக்குப் பயன்படலாம். அதே சமயம், ஒரே நாளில் ஆயிரம் பேர் கொடுத்துவிட்டு அடுத்த ஆறு மாதம் யாரும் எட்டிப் பார்க்காவிட்டால் என்ன ஆகும்? பாதி வீணாகும், பிறகு பஞ்சம் வரும். மாதா மாதம் சந்தா கட்டுவது போலத்தான் ரத்ததானமும் நடக்க வேண்டும்.

கொடுத்த ரத்தத்தை உடனே ஏற்றினால் என்ன?

பலர் கேட்கும் கேள்வி இது. "என் தம்பி ரத்தம்தானே, எடுத்து உடனே ஏத்துங்களேன்."

கூடாது. எடுத்த ரத்தத்தில் ஐந்து பரிசோதனைகள் கட்டாயம்: எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, மஞ்சள் காமாலை சி, பால்வினை நோயான சிஃபிலிஸ், மலேரியா. அதோடு ரத்த வகையும் பார்க்க வேண்டும். இதற்கே சில மணி நேரம் ஆகும். பிறகு நோயாளியின் ரத்தத்தோடு கலந்து, ஒத்துப்போகிறதா என்று தனியாகப் பார்ப்பார்கள். இரண்டும் ஒரே வகையாக இருந்தாலும் இதைச் செய்தாக வேண்டும். 1952இல் பம்பாய் டாக்டர்கள் ஒரு புது வகையைக் கண்டுபிடித்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் 'ஓ' மாதிரி தெரியும். ஆனால் 'ஓ' ரத்தத்தைக்கூட அந்த உடம்பு ஏற்காது. இன்றும் உலகம் முழுக்க அதற்கு 'பம்பாய் வகை' என்றுதான் பெயர். கலந்து பார்க்காமல் ஏற்றியிருந்தால் ஆள் போயிருப்பார்.

எச்.ஐ.வி. விஷயத்தில் நம் சென்னைக்கே ஒரு பங்கு உண்டு. 1986இல் இந்தியாவில் முதல் முதலாக எச்.ஐ.வி. கிருமி இருப்பதைக் கண்டுபிடித்தது சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த டாக்டர் செல்லப்பன் நிர்மலா. வழிகாட்டியவர் அவருடைய பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன். ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டன. இரண்டு பெண்கள் துணிந்து செய்த அந்த வேலை, நாடு முழுக்க ரத்தத்தைச் சோதிக்க வேண்டும் என்ற எச்சரிக்கை மணியானது. நோய் வந்தவர்களை ஊரே ஒதுக்கிய நாட்களில், நம் பக்கத்துத் தாம்பரம் சானட்டோரியம் அரசு மருத்துவமனை அவர்களுக்கு வாசலைத் திறந்து வைத்ததையும் இந்தப் பகுதிப் பெண்கள் அறிவோம்.

அந்தக் காலத்தில் காசுக்காக ரத்தம் விற்பவர்கள் இருந்தார்கள். பசிக்கும் குடிக்கும் பணம் வேண்டும் என்று, நோயை மறைத்துத் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். இதை எதிர்த்து ஒரு பொதுநல அமைப்பு போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. இரண்டு வருஷத்துக்குள் ரத்தம் விற்பதை ஒழிக்க வேண்டும் என்றது. 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் கொடுப்பதும் வாங்குவதும் நாடு முழுக்கத் தடை.

பேரிடர் நாளில் உண்மையில் என்ன நடக்கிறது?

இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். நாம் நினைப்பதற்கும் நடப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் உயர்ந்த கட்டிடங்கள் மேல் விமானம் மோதிய செய்தி நமக்கெல்லாம் தெரியும். அன்றும் அடுத்த வாரங்களிலும் லட்சக்கணக்கான மக்கள் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார்கள். ஆனால் அந்தச் சம்பவத்தில் காயம்பட்டவர்களுக்கு ஏற்றியது 300 யூனிட்டுக்கும் குறைவு. பெரும்பாலோர் அங்கேயே இறந்துவிட்டார்கள் அல்லது சிறு காயத்தோடு தப்பிவிட்டார்கள். சேர்ந்த ரத்தத்தில் ஒரு பகுதி காலாவதியாகிக் கொட்டப்பட்டது. அந்த அனுபவத்துக்குப் பிறகு அங்கே ரத்த வங்கி அமைப்புகள் எல்லாம் சேர்ந்து ஒரு குழு அமைத்தன. பேரிடர் வந்தால் எங்கே எவ்வளவு இருப்பு, எவ்வளவு தேவை என்று முதலில் ஒரே இடத்தில் கணக்குப் பார்ப்பது, பிறகுதான் மக்களைக் கூப்பிடுவது என்று முடிவு செய்தார்கள்.

நம் பக்கம் வருவோம். 2023 ஜூன் 2 மாலை, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசா மாநிலம் பாலசோர் அருகே விபத்துக்கு ஆளானது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள், ஆயிரம் பேருக்கு மேல் காயம். அந்த ஊர் இளைஞர்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரி வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். விடிவதற்குள் 500 யூனிட் சேர்ந்தது என்றும், 900 யூனிட் கையிருப்பில் இருக்கிறது என்றும் அந்த மாநிலத் தலைமைச் செயலாளர் அறிவித்தார். யாரும் கேட்காமலே வந்து நின்ற அந்தப் பிள்ளைகளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் முதல் சில மணி நேரத்தில் ஆபரேஷன் மேஜையில் கிடந்தவர்களுக்கு எது உதவும்? ஏற்கெனவே சோதித்துக் குளிரில் வைத்திருந்த பைகள்தான். அன்று ராத்திரி கொடுத்தது, செலவானதை ஈடுகட்ட உதவும். இரண்டும் வேண்டும். ஆனால் முன்னது இல்லாமல் பின்னதால் உயிர் காக்க முடியாது.

வெள்ளம் வேறு மாதிரி. ரயில் விபத்து போல் அதில் ரத்தக் காயம் அதிகம் இருக்காது. ஆனால் வெள்ளம் வந்தால் பிரசவ வலி நின்றுவிடுமா? தலசீமியா என்ற ரத்த நோய் உள்ள குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏற்ற வேண்டும். மழை பெய்கிறது என்று அவர்கள் உடம்பு பொறுத்துக்கொள்ளுமா? புற்றுநோய் வார்டில் தட்டணு தேவை குறையுமா? தேவை அப்படியே இருக்கும். வரவுதான் நின்றுபோகும். கல்லூரிக்கு லீவு விட்டால் முகாம் ரத்து. ரோட்டில் தண்ணீர் நின்றால் ரத்ததான வண்டி வராது. கரண்ட் போனால் ரத்தம் வைத்திருக்கும் ஃபிரிட்ஜுக்கு ஜெனரேட்டர் வேண்டும், ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். 2015இல் பட்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கத்திலும் நாள் கணக்கில் தண்ணீர் வடியாமல் மறுபடியும் பட்டோம்.

2020இல் கொரோனா ஊரடங்கிலும் இதே கதைதான். காயம்பட்டவர் யாரும் இல்லை. ஆனால் கல்லூரிகள், கம்பெனிகள் மூடியதால் முகாம்கள் நின்று போயின. தடுப்பூசி வந்த பிறகு, ஊசி போட்டவர் எத்தனை நாள் கழித்து ரத்தம் கொடுக்கலாம் என்று கேள்வி வந்தது. முதலில் 28 நாள் என்றார்கள். 2021 மே மாதம் அதை 14 நாளாகக் குறைத்தார்கள். ரத்த வங்கி டாக்டர்களும் நிபுணர்களும் கிடைத்த தகவலைப் பகிர்ந்து, விதியைத் திருத்தி, பஞ்சத்தைச் சமாளித்தார்கள்.

இருப்பைச் சொல்வது, தப்பையும் சொல்வது

நம் குழு நன்றாக நடக்க என்ன காரணம்? மாதக் கூட்டத்தில் வரவு செலவை எல்லோர் முன்னாலும் வாசிக்கிறோம். தவறு நடந்தால் மறைக்காமல் பேசுகிறோம். கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு குழுவின் அனுபவத்தை மற்ற குழு கேட்டுக்கொள்கிறது. ரத்த வங்கி ஊழியர்களுக்கும் இதே பழக்கம்தான் பலம்.

முதலாவது, இருப்பைச் சொல்வது. 2015இல் அந்த டெக்னீஷியன் போனில் செய்ததை இன்று கம்ப்யூட்டரில் செய்யலாம். 2016இல் மத்திய அரசு தொடங்கிய 'இ-ரக்தகோஷ்' என்ற இணைய தளத்தில், எந்த ரத்த வங்கியில் எந்த வகை எத்தனை பை என்று பார்க்கலாம். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் செல்போனிலேயே காட்டுவார்கள். ஆனாலும் கிளம்புவதற்கு முன் போன் செய்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, தப்பைச் சொல்வது. இதுதான் கஷ்டம். 2012 டிசம்பர் 10 அன்று இந்தியாவில் ரத்தக் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது. ரத்தம் ஏற்றியதால் யாருக்காவது குளிர் ஜுரம், மூச்சுத்திணறல் போன்ற கோளாறு வந்தால் மருத்துவமனைகள் அதை எழுதி அனுப்பலாம். யாரையும் தண்டிப்பதற்காக அல்ல, ஓரிடத்தில் நடந்தது இன்னோரிடத்தில் நடக்காமல் இருப்பதற்காக. இங்கிலாந்தில் 1996 முதலே இப்படிச் செய்கிறார்கள். அங்கே சேர்ந்த விவரங்களில் இருந்து உலகமே ஒரு பாடம் கற்றது. நோய்க்கிருமிக்குத்தான் எல்லோரும் பயந்தார்கள். ஆனால் அடிக்கடி நடந்த தவறு, ஒருவருக்கு வைத்த பையை இன்னொருவருக்கு மாற்றி ஏற்றியது! பெயரைச் சரிபார்க்காததால் வந்த வினை.

செய்தி போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே வேதனையான உதாரணம் இருக்கிறது. 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு ரத்தசோகைக்காக ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. கொடுத்தவர் ஒரு இளைஞர். 2016இல் அவர் ரத்தம் கொடுத்தபோதே கிருமி இருப்பது தெரிந்திருக்கிறது, ஆனால் அந்தத் தகவல் அவருக்குப் போய்ச் சேரவே இல்லை என்று விசாரணையில் வெளிவந்தது. வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில்தான் அவருக்கே தெரிந்தது. தெரிந்ததும் ஓடிப்போய் "என் ரத்தத்தை யாருக்கும் ஏத்தாதீங்க" என்று சொன்னவரும் அவரேதான். அதற்குள் ஏற்றி முடித்துவிட்டார்கள். மனம் உடைந்த அந்தப் பிள்ளை தன் உயிரையே மாய்த்துக்கொண்டான். ஒரு போன், ஒரு கடிதம் சரியான நேரத்தில் சேர்ந்திருந்தால் ஒரு குடும்பம் அல்ல, இரண்டு குடும்பங்கள் தப்பியிருக்கும்.

இதைப் பயமுறுத்த எழுதவில்லை. ரத்தம் ஏற்ற வேண்டிய நேரத்தில் ஏற்றாமல் இருந்தால் அதுவும் உயிருக்கு ஆபத்து. ஆனால் ரத்தம் கொடுக்கும்போது சரியான முகவரி, போன் நம்பர் கொடுங்கள். படிவத்தில் கேட்கும் கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் இன்னொரு உயிர் பலியாகும்.

ரத்தம் ஏற்றும்போது பக்கத்தில் இருப்பது நாம்தான்

ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை யார்? அம்மா, அக்கா, மாமியார், பெரும்பாலும் பெண்கள்தான். ஆகவே இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

1. பை வந்ததும், "சிஸ்டர், பேரும் ஐ.பி. நம்பரும் ரத்த வகையும் ஒருதரம் படிச்சுக் காட்டுங்க" என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரே வார்டில் இரண்டு லட்சுமி இருக்கலாம், நம்பர் ஒன்றாக இருக்காது.

2. காலாவதி தேதியைப் பாருங்கள்.

3. முதல் 15 நிமிஷம் பக்கத்தை விட்டு நகராதீர்கள். குளிர், நடுக்கம், ஜுரம், அரிப்பு, இடுப்பு வலி, நெஞ்சு இறுக்கம், மூச்சுத்திணறல் எது வந்தாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். "ரத்தம் ஏத்தினா குளிரத்தான் செய்யும்" என்று போர்வையைப் போர்த்திவிட்டு உட்காராதீர்கள்.

4. தாய்க்கு நெகட்டிவ் வகை, குழந்தைக்குப் பாசிட்டிவ் என்றால் பிரசவம் ஆன 72 மணி நேரத்துக்குள் 'ஆன்டி-டி' ஊசி போட வேண்டும். போட்டார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது அடுத்த குழந்தையைக் காக்கும் ஊசி.

காசு விஷயம்: ரத்தத்துக்கு விலை கிடையாது. சோதிக்கவும் பாதுகாக்கவும் ஆகும் செலவுக்கு மட்டும்தான் கட்டணம் வாங்கலாம். இதை 2024 ஜனவரியில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மறுபடியும் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. அப்போது இருந்த விதிப்படி சிவப்பணு ஒரு பைக்கு உச்ச வரம்பு 1,550 ரூபாய். அதிகம் கேட்டால் ரசீது கேளுங்கள்.

நம் உடம்பில் இருப்பு எவ்வளவு?

ஊருக்குக் கொடுக்கும் முன் நம் சொந்தக் கணக்கைப் பார்ப்போம். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. நம் குழுவில் இருபது பேர் என்றால் பத்துப் பேருக்கு மேல்!

முதலில் சொன்னேனே அந்தப் பெண், கர்ப்பத்தில் அவளுக்கு ஹீமோகுளோபின் 8தான். "மாத்திரை சாப்பிட்டா வாந்தி வருது" என்று சத்து மாத்திரையைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். இருப்பு குறைவாக உள்ள வீட்டில் சின்னச் செலவும் பெரிய கடனாகும் இல்லையா? ரத்தம் குறைவான தாய்க்கு, மற்றவர் தாங்கும் உதிரப்போக்குகூட உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள். வாந்தி வந்தால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுப் பாருங்கள், நர்ஸம்மாவிடமும் சொல்லுங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, மீன், ஈரல் சேருங்கள். கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய் இருந்தால் சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட உடனே டீ, காபி குடித்தால் சத்து சேராது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

யார் கொடுக்கலாம்?

வயது 18 முதல் 65. எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது. ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். ஆண்கள் 90 நாளுக்கு ஒரு தடவை, பெண்கள் 120 நாளுக்கு ஒரு தடவை கொடுக்கலாம். கர்ப்பிணிகளும், குழந்தை பெற்று ஒரு வருஷம் ஆகாதவர்களும், பால் கொடுப்பவர்களும் கொடுக்கக் கூடாது. மாதவிலக்கு நாட்களிலும் வேண்டாம். குடித்துவிட்டு வரக் கூடாது, வெறும் வயிற்றிலும் வரக் கூடாது.

நம் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. எடுப்பது 350 மில்லி, எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் 450 மில்லி. நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும். சிவப்பணு சில வாரங்களில் ஈடாகிவிடும். "ரத்தம் கொடுத்தா உடம்பு பலம் போயிடும்" என்று ஆண்கள் சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். சோதித்துப் பார்த்து, "உங்களுக்கு ரத்தம் பத்தாது" என்று நம்மைத் திருப்பி அனுப்பினால் அதுவும் லாபம்தான். நமக்கு ரத்தசோகை என்று காசில்லாமல் தெரிந்துகொண்டோம்!

குழு செய்ய வேண்டியது

தீர்மானப் புத்தகத்தில் இந்த மாதம் இவற்றை எழுதுங்கள்.

ஒன்று, ரத்த நோட்டு. ஒவ்வொரு உறுப்பினர், கணவர், 18 வயது முடிந்த பிள்ளைகளின் ரத்த வகை, போன் நம்பர், கடைசியாகக் கொடுத்த தேதி. சம்மதித்தவர் பெயர் மட்டும். ஊக்குநர் கையில் இருக்கட்டும். நெகட்டிவ் வகைக்காரர்களைத் தனியாகக் குறியுங்கள், நம் பக்கம் நூற்றில் ஐந்தாறு பேர்தான் இருப்பார்கள்.

இரண்டு, முறை வைத்துக் கொடுப்பது. எல்லோரும் ஒரே நாளில் போக வேண்டாம். மேடவாக்கம், வேங்கைவாசல், சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம் என்று பகுதிக்கு ஒரு மாதம் எடுத்துக்கொள்ளலாம். கல்லூரி லீவு விடும் ஏப்ரல், மே மாதத்திலும், மழைக்கு முன் செப்டம்பர், அக்டோபரிலும் ஆள் கட்டாயம் போகட்டும். அக்டோபர் 1 தேசியத் தன்னார்வ ரத்ததான நாள். முகாம் நடத்த விரும்பினால் முன்கூட்டியே அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் பேசித் தேதி வாங்குங்கள். எத்தனை பை வேண்டும் என்று அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

மூன்று, பேரிடர் நாளில் பதறி ஓடக் கூடாது. முதலில் ரத்த வங்கிக்குப் போன் செய்து, "எந்த வகை வேணும், எப்ப வரணும்?" என்று கேளுங்கள். "இன்னிக்கு வேணாம், பத்து நாள் கழிச்சு வாங்க" என்றால், பத்தாம் நாள் மறக்காமல் போங்கள். அதுதான் பெரிய உதவி.

நான்கு, வாட்ஸ்அப்பில் வரும் 'அவசரம், ரத்தம் தேவை' செய்தியை அப்படியே அனுப்பாதீர்கள். தேதி, மருத்துவமனை பெயர் இருக்கிறதா பாருங்கள். அந்த நம்பருக்குப் பேசிவிட்டு அனுப்புங்கள். போன வருஷச் செய்தி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஐந்து, கர்ப்பிணி உள்ள வீடுகளுக்கு மழைக்காலத்துக்கு முன்பே போய், ரத்த வகை, ஹீமோகுளோபின், பிரசவத் தேதி மூன்றையும் கேட்டு எழுதுங்கள். தண்ணீர் ஏறும் தெரு என்றால் தேதிக்கு முன்னாலேயே மேட்டுப் பகுதி உறவினர் வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ போகச் சொல்லுங்கள். அவசரத்துக்கு 108, ஆலோசனைக்கு 104.

கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

* நம் குழுவில் எத்தனை பேருக்குத் தன் ரத்த வகை தெரியும்?
* 2015, 2023 வெள்ளத்தில் நம் தெருவில் யாருக்காவது ரத்தம் தேவைப்பட்டதா? எங்கிருந்து கிடைத்தது?
* கடைசியாக ஹீமோகுளோபின் பார்த்தது எப்போது?
* நம் வீட்டு ஆண்கள் ரத்தம் கொடுக்கத் தயங்குவது ஏன்? என்ன சொல்லி அழைக்கலாம்?

கடைசியாக ஒரு வார்த்தை. அந்த அம்மா போன மாதக் கூட்டத்துக்கு வந்திருந்தார். "என் பொண்ணுக்கு ரத்தம் கொடுத்தவங்க யாருன்னு கடைசி வரைக்கும் தெரியலையே, நன்றி சொல்லக்கூட வழியில்லையே" என்றார். பக்கத்தில் இருந்த பிரதிநிதி சொன்னார்: "அதுக்கென்னக்கா, உங்க பையன் போய்க் கொடுத்துட்டு வரட்டும். வாங்கிக்கிறவங்களுக்கும் அவன் யாருன்னு தெரியாது. கணக்கு நேராயிடும்."

பையன் போன வாரம் போய்க் கொடுத்துவிட்டு வந்தான். ரத்த நோட்டில் முதல் வரியில் அவன் பெயர்தான் இருக்கிறது. அடுத்த வரி காலியாக இருக்கிறது, சகோதரிகளே.